எந்தக் கொப்பி கணக்கில் சேரும்?

கண்ணகி யாருடைய மகள்? சிலப்பதிகாரம் படித்தவர்கள் புகார் நகரத்து மாநாய்கனின் மகள் என்பார்கள். ஈராறு ஆண்டு அகவையில் ஈரெட்டு ஆண்டுக் கோவலனுக்குக் கலியாணம் செய்துவைத்ததை மங்கல வாழ்த்துப் பாடலிலேயே எடுத்துக் காட்டுவார்கள். கோயிலில் பாடும் கண்ணகி வழக்குரைக் காவியத்தைக் கேட்டு வளர்ந்த மட்டக்களப்புப் பக்கத்து ஆக்கள், பாண்டியன் வீட்டில் பிறந்து, பேழையில் வைத்துக் கடலில் விடப்பட்ட பிள்ளை என்பார்கள். மதுரை எரிந்த பிறகு எங்கே போனாள்? இளங்கோவின் கண்ணகி சேரநாட்டு மலைக்கு, வேங்கை மர நிழலுக்குப் போகிறாள். முல்லைத்தீவுப் பக்கத்து வற்றாப்பளையில் கேட்டால் நந்திக்கடல் கரையைக் கைகாட்டுவார்கள். ஈழத்துக்கு வந்து பத்தாவதாகத் தங்கிய இடம் என்பதால் பத்தாப்பளை, அது மருவி வற்றாப்பளை. விளக்கெரிக்க எண்ணெய் இல்லாமல் நின்ற மாட்டுக்காரச் சிறுவர்களிடம் கடல்நீரை ஊற்றி எரிக்கச் சொன்னது அங்கேதான்.

அம்மனை இங்கே ஒரு கதாபாத்திரமாக வைத்துப் பேசவில்லை. வைகாசிப் பொங்கலுக்கு நேர்த்தி வைத்துப் போகிறவர்களுக்கு இது கதையே அல்ல. பேசுவது பிரதிகளைப் பற்றி: ஒரே கதையைச் சொல்லும் பல பிரதிகள் ஒன்றுக்கொன்று மாறுபட்டால் எதை ஏற்பது, எதை ஒதுக்குவது, ஒதுக்கியதை என்ன செய்வது. கிளிநொச்சியிலும் புதுக்குடியிருப்பிலும் கைத்தொலைபேசியில் ஸ்ரார் வோர்ஸ் பார்க்கிற பிள்ளைகள் 'இது கேனன், அது கேனன் இல்லை', அதாவது இது கணக்கில் சேரும், அது சேராது என்று மல்லுக்கட்டுவதும் இதே வழக்குத்தான். கூத்துப் பாட்டைக் கையால் எழுதிவைத்த கொப்பிகளோடு பழகிய ஊருக்கு இந்த வழக்கு புதிதே அல்ல என்பது என் எண்ணம்.

கேனன் என்ற சொல் தேவாலயத்திலிருந்து வந்தது. வேதாகமத்தில் எந்தெந்தப் புத்தகம் சேரும் என்ற பட்டியலுக்கு அந்தப் பெயர். பாதிரியாரான ரொனால்ட் நொக்ஸ் 1911இல் ஷெர்லொக் ஹோம்ஸ் கதைகளை வேதாகம ஆய்வு போலவே அலசிக் காட்டினார். வாசகர்கள் கதைகளுக்கு இந்தச் சொல்லைப் பயன்படுத்தும் பழக்கம் அங்கிருந்துதான் வளர்ந்தது. தமிழில் சொல்லுக்குப் பஞ்சமில்லை. திருமுறை என்று பன்னிரண்டைத் தொகுத்து வரம்பு கட்டியதும் இதே வேலைதான். நன்னூல் நூல்களை முதல், வழி, சார்பு என்று பிரிக்கிறது: முன்னோர் நூலின் முடிவோடு ஒத்துப்போய், பின்னால் வந்தவர் வேண்டிய மாற்றத்தைச் சொன்னால் வழிநூல், ஒரு பகுதி மட்டும் ஒத்து, மற்றதெல்லாம் வேறாகப் போனால் சார்புநூல். பதிப்பாசிரியர்களிடம் பாடபேதம் (பிரதிக்குப் பிரதி சொல் மாறுவது), இடைச்செருகல் (பிறர் நடுவில் நுழைத்தது), மிகைப்பாடல் (கூடுதலாக ஒட்டிய பாட்டு) என்று இன்னும் மூன்று சொல் இருக்கிறது. இந்த ஆறும் கையில் இருந்தால் எந்தக் கற்பனை உலகத்தையும் வகைப்படுத்தலாம்.

வேலையைத் தொடங்கும்போது கேட்க வேண்டிய கேள்வி 'எது உண்மையான கதை' என்பதல்ல. 'இந்தப் பட்டியல் எதற்கு' என்பது. புதிதாக வாசிக்க வருகிறவருக்கு வரிசை சொல்லப்போகிறீர்களா, அந்த உலகத்துக்குள் புதுக்கதை எழுதப்போகிறீர்களா, பாத்திர அகராதி தயாரிக்கப்போகிறீர்களா, மேடையேற்றப் போகிறீர்களா? நான்குக்கும் பட்டியல் ஒன்றாக வராது. புதுக்கதை எழுதுகிறவருக்கு வரம்பு இறுக்கமாக இருக்க வேண்டும். அகராதி செய்கிறவருக்கு எல்லாம் வேண்டும், ஆனால் எது எங்கிருந்து வந்தது என்ற அடையாளத்தோடு. பயன் தீர்மானிக்கப்படாத பட்டியல் மூன்றாம் நாள் சண்டையில் முடியும். இருவரும் இரண்டு வெவ்வேறு தேவைக்காக வாதாடுகிறார்கள் என்பது யாருக்கும் தெரியாமலே போய்விடும்.

பிறகு ஒரு சீஆர் கொப்பி எடுங்கள். கணினி இருந்தால் எக்செல் தாள். ஒரு படைப்புக்கு ஒரு வரி என்று போடாதீர்கள், ஒரு பதிப்புக்கு ஒரு வரி. எட்டு நிரல்: பெயர், வகை (நாவல், படம், ஏடு, கொப்பி, ஒலிப்பதிவு), ஆக்கியவர், உரிமை யாரிடம், முதலில் வெளிவந்த ஆண்டு, கையில் இருக்கும் பதிப்பின் ஆண்டு, கதைக்குள் நடக்கும் காலம், எதிலிருந்து எடுத்தது. முடிவு என்ற ஒன்பதாவது நிரலைக் கடைசிவரை பென்சிலால்தான் எழுத வேண்டும்.

ஆண்டுக்கு மூன்று நிரல் எதற்கு என்று தோன்றும். ஹோம்ஸ் கதைகளில் 1893இல் வந்த ஒன்றில், ஹோம்ஸின் எதிரியான மொரியாட்டியின் பெயரைக் கேள்விப்பட்டதே இல்லை என்கிறார் அவருடைய நண்பர் வொட்சன். 1914இல் தொடராக வரத் தொடங்கிய நாவலில் அந்தப் பெயர் அவருக்கு நன்றாகத் தெரியும்; ஆனால் நாவலின் சம்பவம் நடப்பதோ அந்த 1893 கதைக்கு முன்னால். வெளிவந்த வரிசையில் மட்டும் அடுக்கினால் இந்த முரண் கண்ணில் படாது. கதைக்காலத்தால் அடுக்கிப் பார்க்கும்போதுதான் தலைகாட்டும். தமிழ் காமிக்ஸ் வாசகர்களுக்கு இது இன்னும் பெரிய தலையிடி. சிவகாசியிலிருந்து வந்த மொழிபெயர்ப்புகள் மூலத்தின் வரிசையில் வரவில்லை, பெயர்களும் மாறியிருந்தன. முத்து காமிக்ஸ் 1972இல் இரும்புக்கை மாயாவியோடு தொடங்கியது. அந்தப் பாத்திரம் இங்கிலாந்தில் 1962இலேயே பிறந்துவிட்டது. தமிழில் வந்த ஆண்டை முதல் ஆண்டாகப் போட்டால் முழுப் பட்டியலும் சரிந்துவிடும்.

அடுத்தது அதிகாரம். யாருடைய சொல் இறுதிச் சொல்? எழுதியவருடையது என்றுதான் எல்லாரும் தொடங்குவார்கள். ஆனால் அது மட்டும் போதாது. ஹோம்ஸ் தொகுதி என்றால் நான்கு நாவலும் 56 சிறுகதையும், 1887 முதல் 1927 வரை. கொனன் டொயில் அதே ஹோம்ஸையும் வொட்சனையும் வைத்து 1896இலும் 1924இலும் இரண்டு சிறு துண்டுகள் எழுதினார். இரண்டும் அவர் கையெழுத்துத்தான், ஆனாலும் அறுபதில் அவற்றைச் சேர்ப்பதில்லை, ஏனென்றால் அவை நையாண்டியாக எழுதப்பட்டவை. ஆக, 'அவர் எழுதியது' என்ற விதியோடு 'அந்த வரிசைக்காக எழுதியது' என்ற இரண்டாவது விதியும் சேர்ந்தே வேலை செய்கிறது. உரிமையாளரைக் கேட்கலாம் என்றால், பிபிசி 1963இல் தொடங்கிய டொக்டர் ஹூ என்ற தொலைக்காட்சித் தொடருக்கு இதுவரை அப்படி ஒரு பட்டியல் அறிவித்ததே இல்லை. கூத்துக்கோ உரிமையாளரே கிடையாது. கூத்துப் பழக்குகிற அண்ணாவியார் இருக்கிறார், ஊர் இருக்கிறது. முல்லைத்தீவுப் பக்கத்துக் கோவலன் கூத்துக்கு முல்லைமோடி என்று தனிப்பெயர் இருப்பதே ஊர்தான் அங்கே அதிகாரம் என்பதற்குச் சாட்சி.

அதிகாரத்தைத் தீர்த்த பின் தட்டுகள். உள்ளே, வெளியே என்று இரண்டு தட்டு வைத்தால் வேலை நடக்காது. குறைந்தது மூன்று வேண்டும். முதல் தட்டில் இருப்பதை மறுத்து எதையும் எழுத முடியாது. இரண்டாவது தட்டில் இருப்பது முதல் தட்டோடு மோதாதவரை செல்லும். மூன்றாவது தட்டு கணக்கில் சேராது, ஆனால் காப்பில் இருக்கும். ஸ்ரார் வோர்ஸுக்கு அதைத் தயாரித்த லூக்காஸ்ஃபிலிம் நிறுவனம் ஒரு காலத்தில் ஐந்து படி வைத்திருந்தது: ஜோர்ஜ் லூக்காஸின் படங்கள் உச்சியில், அதற்குக் கீழே தொலைக்காட்சி, பிறகு நாவல்களும் காமிக்ஸும், பிறகு இரண்டாந்தரமானவை, கடைசியில் சேராதவை. ஐந்துக்கு மேல் போனால் எந்தக் குழுவாலும் நினைவில் வைத்திருக்க முடியாது. எங்கள் வாசிப்புக்கு மூன்று போதும்.

இனி முரண்களை ஒவ்வொன்றாக எடுக்கலாம். இங்கேதான் கனபேர் பிழைவிடுகிறார்கள், அதனால் கொஞ்சம் நின்று பார்ப்போம்.

இடைவெளி வேறு, முரண் வேறு. ஒரு படைப்பு எதைப் பற்றி வாயே திறக்கவில்லையோ அது இடைவெளி. அதை இன்னொரு படைப்பு நிரப்பலாம். ஒன்று ஆம் என்றும் மற்றது இல்லை என்றும் சொன்னால் முரண். கண்ணகியின் பிறப்பு தெளிவான முரண். மாநாய்கனுக்குப் பிறந்தவளாகவும் பாண்டியனுக்குப் பிறந்தவளாகவும் ஒருத்தி இருக்க முடியாது. ஈழத்து வருகை அப்படியல்ல, பார்த்தால் இடைவெளி மாதிரித் தெரியும். மதுரை எரிந்தது, பிறகு இலங்கைக்கு வந்தாள், இதில் என்ன தடை என்று கேட்கத் தோன்றும். ஆனால் சிலப்பதிகாரம் கணக்கு வைத்திருக்கிறது: பதினாலு நாள் கழித்து, கோவலனோடு வானுலகம் போகிறாள். அந்தப் பதினாலு நாளுக்குள் கடல் கடந்து பத்து இடத்தில் தங்கவைத்து, திரும்பவும் சேரநாட்டு மலையில் ஏற்றுவது கதையைச் சேர்ப்பது அல்ல, நெரிப்பது. ஆகவே இதுவும் முரண்தான், இடைவெளியின் உடுப்புப் போட்டு நிற்கிறது.

அதே சிலப்பதிகாரம் இன்னொரு கதவைத் திறந்தும் வைத்திருக்கிறது. வஞ்சிக் காண்டத்தின் கடைசியில், செங்குட்டுவன் கண்ணகிக்குக் கல் நாட்டிய இடத்தில் கடல்சூழ் இலங்கைக் கயவாகு வேந்தன் நிற்கிறான். அவன் நாட்டிலும் வழிபாடு தொடங்குகிறது. வழிபாடு வந்து சேர்ந்தது என்ற அளவில் இரண்டுக்கும் சண்டை இல்லை. உடலோடு நடந்து வந்தாள் என்ற இடத்தில்தான் சண்டை. முரணை இப்படி அதன் மிகச் சிறிய துண்டுவரை நறுக்க வேண்டும். அப்போது ஒதுக்க வேண்டியதும் மிகச் சிறிய துண்டாகவே இருக்கும். முழுப் படைப்பையும் தூக்கி வெளியே போட வேண்டிய தேவை அநேகமாக வராது.

ஒரு தகவல் பிழைத்ததற்காக முழு நூலையும் தள்ளினால் என்ன நடக்கும் என்பதற்கும் வொட்சனே உதாரணம். 1887இன் முதல் நாவலில் அவருக்குக் குண்டடி பட்டது தோளில். 1890இன் இரண்டாவது நாவலில் காலில். முரண் உள்ள நூல் வெளியே என்றால் தொடக்கத்து இரண்டில் ஒன்று போய்விடும், ஹோம்ஸும் நொண்டியாகிவிடுவார். வாசகர்கள் இரண்டையும் வைத்துக்கொண்டு, காயத்தைப் பற்றி மட்டும் நூறு வருடமாக வழக்காடுகிறார்கள். அதுதான் சரியான முறை. தீர்ப்பு தகவலுக்கு, நூலுக்கு அல்ல.

இதற்கு இரண்டாவது தாள் ஒன்று வேண்டும், தகவல் தாள். இருபது தகவல் போதும்: பெயர், பெற்றோர், ஊர், கலியாணம், மரணம், முக்கியமான பொருள், முக்கியமான இடம். இடப்பக்கம் தகவல், மேலே பிரதிகளின் பெயர், ஒவ்வொரு கட்டத்திலும் அந்தப் பிரதி சொல்வது. எல்லாக் கட்டமும் ஒன்றையே சொல்கிற வரிகளை முதலில் வட்டமிடுங்கள். கோவலன் கதையில் சிலம்பு, பொய்க் குற்றச்சாட்டு, கொலை, மதுரை எரிவது ஆகியவை அசையாது. இவைதான் அச்சாணி. ஒரு புதுப்பிரதி அச்சாணியைக் கழற்றினால் அதை நன்னூல் சொன்ன சார்பு வகையில் போடலாம். அச்சாணியை வைத்துக்கொண்டு மற்றதை மாற்றினால் வழி. கட்டம் வெறுமையாக இருந்தால் கோடு போட்டுவிடுங்கள், 'இல்லை' என்று எழுதாதீர்கள், சொல்லாதது மறுத்ததாகாது.

ஒரே படைப்பு பதிப்புக்குப் பதிப்பு மாறும் சங்கடம் அடுத்தது. டொல்கீனின் ஹொபிட் 1937இல் வந்தபோது, கதாநாயகன் பில்போவோடு ஆடும் விடுகதைப் போட்டியில் தோற்றால் ஒரு பரிசு தருவதாகக் கொல்லம் என்ற குகைவாசி பந்தயம் கட்டுகிறான். அந்தப் பரிசுதான் மோதிரம். அது காணாமற் போனதும் மன்னிப்புக் கேட்டு, பதிலுக்கு வழி காட்டிவிடுகிறான். பின்னால் எழுதப்பட்ட 'லோர்ட் ஒஃப் த ரிங்ஸ்' என்ற பெருங்கதையில் அந்த மோதிரம் உலகையே அடக்கும் பொருளாகிவிட்டது. அப்படிப்பட்டதை ஒருவன் சும்மா கொடுக்க ஒப்புவானா? 1951ஆம் ஆண்டின் இரண்டாம் பதிப்பில் அத்தியாயம் திருத்தப்பட்டது, பந்தயமே வழி காட்டுவது என்றாகியது. நான் மிகவும் மதிக்கிற இடம் இதற்குப் பிறகு வருகிறது. பழைய பதிப்பை டொல்கீன் பிழை என்று மூடவில்லை. பில்போ தன் நண்பர்களுக்கு முதலில் சொன்ன பொய் அது, சில பிரதிகளில் இன்னும் அப்படியே இருக்கிறது என்று பெருங்கதையின் முகவுரையில் எழுதிவிட்டார். திருத்தமும் கதைக்குள் ஒரு சம்பவமாகிவிட்டது, பழைய புத்தகம் வைத்திருந்தவரின் கையிலிருந்ததும் வீணாகவில்லை. ஸ்ரார் வோர்ஸின் முதற்படத்தை 1997இல் மாற்றி வெளியிட்டபோது, மதுக்கடையில் யார் முதலில் சுட்டது என்ற ஒரு நொடி மாற்றத்துக்கு இன்னும் பஞ்சாயத்து ஓயாததற்குக் காரணம், அப்படி ஒரு விளக்கம் கதைக்குள் வைக்கப்படாததுதான்.

ஆக, பிந்தியது வெல்லுமா, முந்தியது வெல்லுமா? ஆக்கியவர் உயிரோடிருந்து தானே திருத்தியிருந்தால் பிந்தியதற்கு எடை கூட. கைமாறிக் கைமாறிப் படியெடுத்த பிரதியானால் நேர்மாறு: பிந்திய கொப்பியில் ஒவ்வொரு படியெடுப்பாளரின் பிழையும் சேர்ந்திருக்கும். திரைத்தொடருக்கான விதியைக் கூத்துக் கொப்பிக்கு வைத்தால் குழம்பிப் போவது இதனால்தான்.

கொப்பியில் இன்னொரு பொறியும் உண்டு. ஓலையில் பெரும்பாலும் புள்ளி இல்லை. எகர ஏகாரத்துக்கும் ஒகர ஓகாரத்துக்கும் வேறுபாடு இல்லை. காலும் (ா) ரகரமும் ஒரே வடிவம். அதைப் பார்த்துக் கொப்பியில் எழுதியவர் ஒரு சொல்லை வேறாகப் பிரித்து வாசித்திருந்தால், இரண்டு கொப்பியும் இரண்டு கதை சொல்வதுபோலத் தோன்றும். அது பாடபேதம், கதைபேதம் அல்ல. முரண் என்று தகவல் தாளில் எழுத முன்னர், இரண்டு சொல்லையும் புள்ளி எடுத்து, நெடில் குறில் பாராமல் ஒரு துண்டில் எழுதிப் பாருங்கள். ஒன்றாகிவிட்டால் வழக்கே இல்லை. அதேபோல ஆட்டக்காரர் ஒருவரின் கொப்பியில் அவருடைய பாட்டு மட்டுமே இருக்கும்; மற்றவர் பாட்டு அதில் இல்லாததை வைத்து அந்தக் காட்சியே இல்லை என்று சொல்லக்கூடாது. பாடசாலைப் போட்டிக்காக ஓர் இரவுக் கூத்தைச் சுருக்கிய பிரதியும் அப்படித்தான். நேரத்துக்காக வெட்டியது விலக்கியதாகாது.

மேடையும் திரையும் சத்தமில்லாமல் மூலத்துக்குள் புகுந்துவிடுவதையும் கவனிக்க வேண்டும். ஹோம்ஸ் என்றதும் மனதில் வரும் வளைந்த புகைக்குழாய் மேடை நடிகர் வில்லியம் ஜில்லெட்டோடு சேர்ந்து பரவியது. காதுமூடித் தொப்பி கதைகளுக்குப் படம் வரைந்த சிட்னி பஜெட்டால் நிலைத்தது. 'எலிமென்டரி, மை டியர் வொட்சன்' என்ற வசனம் அறுபது கதையில் ஓர் இடத்திலும் இல்லை. வன்னியில் இதற்கு நேர் உதாரணம் இங்கே ஆண்ட பண்டாரவன்னியன். கற்சிலைமடுவில் நாட்டிய கல் சொல்வது, 1803 ஒக்டோபர் 31இல் ஆங்கிலேயப் படையின் கப்டன் வொன் டிரிபேர்க் அவனைத் தோற்கடித்தான் என்பதை மட்டும். நாடகம் அவனை அதே களத்தில் உயிர்விடச் செய்தால் அது மேடையின் கணக்கு, கல்லின் கணக்கு அல்ல. நாடக உலகத்துக்கான பட்டியலில் அந்த மரணம் முதல் தட்டில் இருக்கலாம். வரலாற்றுப் பாடக் கொப்பியில் இருக்கக்கூடாது. ஒவ்வொரு தகவலுக்கும் பக்கத்தில் அது வந்த வரியை எழுதச் சொல்வது இதற்காகத்தான். வரி காட்ட முடியாத தகவல் எவ்வளவு பழக்கமானதாக இருந்தாலும் மூன்றாம் தட்டுக்குப் போக வேண்டும்.

மூன்றாம் தட்டைப் பற்றித்தான் எனக்குச் சொல்ல அதிகம் இருக்கிறது. 2014 ஏப்ரல் 25இல் லூக்காஸ்ஃபிலிம், அதுவரை வந்த நாவல்களையும் காமிக்ஸையும் கணக்கிலிருந்து எடுத்துவிட்டதாக அறிவித்தது. புதுப்படங்களுக்கு இடம் தேவைப்பட்டது. பல வருடம் காசு கொடுத்து வாங்கி வாசித்தவர்களுக்கு அது பேரிடி. ஆனால் அவற்றை அழிக்கவில்லை. லெஜெண்ட்ஸ் என்ற பெயரில் தொடர்ந்து அச்சிட்டார்கள். 1991இல் ஒரு நாவலில் பிறந்த த்ரோன் என்ற பாத்திரமும் அன்றைக்கு வெளியே போனான். 2016இல் தொலைக்காட்சித் தொடர் வழியாகத் திரும்ப உள்ளே வந்தான். புத்தகம் கடையில் இருந்தது, வாசகர் நினைவில் இருந்தான், அதனால் எடுத்துவர முடிந்தது.

எங்களுக்கு அந்த வசதி இல்லை. இடப்பெயர்வுகளில் ஏடும் கொப்பியும் எத்தனை வீட்டில் விட்டுவிட்டு வரப்பட்டன என்று எண்ண முடியாது. வன்னியில் ஒரு பிரதியை 'இது சேராது' என்று சொல்வது, இலண்டனில் ஒரு நாவலைச் சேராது என்பது போன்றதல்ல. அங்கே ஆயிரம் படி அச்சில் இருக்கும். இங்கே அந்த ஒரு கொப்பியை ஒரு வயதான அண்ணாவியார் தகரப் பெட்டிக்குள் வைத்திருப்பார். சேராது என்ற சொல்லைக் கேட்ட வீட்டார் அடுத்த மழைக்கு அதைப் பாதுகாக்க மாட்டார்கள். ஆகவே வரிசையை மாற்றிக்கொள்ளுங்கள்: முதலில் படியெடுப்பு, பிறகுதான் தீர்ப்பு. ஸ்கானர் இருந்தால் 300 டிபிஐ. தொலைபேசிதான் என்றால் வாசலோர வெளிச்சத்தில், ஃபிளாஷ் இல்லாமல், பக்கத்தில் ஓர் அடிமட்டம் வைத்து, வெற்றுப் பக்கமும் மட்டையும் உட்பட எல்லாவற்றையும் எடுங்கள். பாடிக் காட்டக்கூடியவர் இருந்தால் எழுத்தைப் பார்க்காமல் பாடச் சொல்லி ஒலிப்பதிவு செய்யுங்கள். பாடும்போது வருவதும் கொப்பியில் இருப்பதும் வேறாக இருக்கும். அது இன்னொரு பிரதி, இன்னொரு வரி. மூலக் கொப்பியை வாங்கி வராமல் அந்த வீட்டிலேயே விட்டுவிடுங்கள்.

கடைசியாக ஒன்பதாவது நிரல். தட்டு எண், காரணம் ஒரு வசனத்தில், முடிவு செய்த தேதி, முடிவில் இருந்தவர்கள். 'பிடிக்கவில்லை' என்பதைக் காரணமாக எழுத வெட்கம் வரும், அதனால்தான் காரணத்தை எழுதச் சொல்வது. எழுத முடியாவிட்டால் அந்த முடிவை அழித்துவிட்டு, நிரலை வெறுமையாக விடலாம். முள்ளியவளையிலோ குமுழமுனையிலோ இன்னொரு கொப்பி கிடைத்தால் முதல் தாளில் ஒரு வரியும் தகவல் தாளில் ஒரு நிரலும் கூடும். அதனால் தாளின் வலப்பக்கத்தில் நான்கு விரல் அகலம் வெறுமையாக விட்டே கோடு போடுங்கள்.